நட்சத்திரத்துக்கு எட்டுக் கால்

தீப்பெட்டி அளவுள்ள ஒரு கண்ணாடித் துண்டைத் தாங்குவதற்கு நான் போட்ட இரும்பில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டித் தொங்கவிடலாம். அப்போது அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் வேறு எப்படிச் செய்வான்? எங்கள் வேலையில் இரண்டு டன் சரக்கைத் தூக்க இரண்டு டன் தாங்கும் கயிறு போட்டால் அதற்குப் பெயர் கொலை முயற்சி. அதைப்போல் பல மடங்கு தாங்குகிற கயிற்றைப் போட்டு, அதன் பிறகும் கீழே நிற்கிறவனைத் தள்ளிப் போகச் சொல்லி, அதன் பிறகும் சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் தூக்குவோம். அந்தப் புத்தியோடுதான் நான் தொலைநோக்கி செய்ய உட்கார்ந்தேன்.

கிரேன்காரனுக்கு எதற்குத் தொலைநோக்கி என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள். கப்பல் வராத நாட்களிலும், மழை பிடித்துக்கொண்டு சரக்கை இறக்க முடியாத நாட்களிலும், கேபினில் உட்கார்ந்திருக்கிறவன் பார்ப்பதற்கு இருப்பவை இரண்டுதான். கீழே கடல், மேலே வானம். கடல் அலுத்துவிட்டது. வானம் பாக்கி இருந்தது. அந்தச் சமயம் பார்த்து வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர்க் கடையில், வீட்டிலேயே தொலைநோக்கி செய்வது எப்படி என்று படம் போட்டுச் சொல்லும் ஓர் இங்கிலீஷ் பத்திரிகை கையில் கிடைத்தது. அட்டை இல்லை. கடைசித் தாள்களும் இல்லை. மிச்சம் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்து வேலையைத் தொடங்கிவிட்டேன். உடைத்த கப்பல் ஒன்றின் வட்ட ஜன்னல் கண்ணாடி, உளி தீட்டுகிற பொடி, படகுக்குப் பூசும் கீல் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. அந்த வருடம் எங்கள் வீட்டு ரசத்தில் பல்லில் நறநறவென்று பட்டதெல்லாம் மணல் இல்லை, உளி தீட்டுகிற பொடி.

தொலைநோக்கி என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு நீளக் குழாய். அதன் அடியில், உட்புறம் குழிவாகத் தேய்த்த பெரிய கண்ணாடி. வானத்திலிருந்து வருகிற வெளிச்சத்தை அது வாங்கித் திரட்டி, வந்த வழியே மேலே அனுப்பும். குழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நின்று, அந்த வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே ஓட்டை போட்டுக் கண்வில்லையை வைத்தால் பார்க்கலாம். சிக்கல் எங்கே என்றால், அந்தச் சின்னக் கண்ணாடி குழாயின் நட்ட நடுவில், அந்தரத்தில் நிற்க வேண்டும். அதை எதைக் கொண்டு பிடிப்பது? அது அந்தக் கடைசித் தாள்களில் எழுதியிருந்திருக்கும். அவற்றில் யாரோ பட்டாணி மடித்துத் தின்றுவிட்டார்கள்.

ஆகவே சொந்த மூளையைப் பயன்படுத்தினேன். நான்கு துண்டு ஆங்கிள் இரும்பு. நடுவில் ஒரு மரக்கட்டை, அதன் முகத்தில் கண்ணாடி. நான்கு பக்கமும் போல்ட்டு. ஒரு துண்டு கொஞ்சம் குட்டையாகப் போனதால் அதற்கு மட்டும் ஒட்டுப் போட்டுப் பெரிய நட்டு ஒன்றை முறுக்கினேன். துரு பிடிக்கக் கூடாது என்று படிக்கட்டுக் கிராதிக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ட்டை இரண்டு கை அடித்தேன். குழாயின் வாய் கனத்துப் போய்த் தலை கவிழ்ந்தது. அடியில் ஒரு சங்கிலிக் கட்டைத் தொங்கவிட்டு நிமிர்த்தினேன்.

எங்கள் கப்பல் வேலையில் எனக்குக் கை காட்டுகிறவன் என் சிநேகிதன். அவன் வீடு ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில். நான் மேலே கேபினில் இருப்பேன். அவன் கப்பலின் மேல்தட்டில் நின்று ஏற்று, இறக்கு, நிறுத்து என்று விரலால் சொல்வான். அந்த உயரத்திலிருந்து நான் பார்ப்பது அவனுடைய முகத்தை இல்லை, விரலைத்தான். அதை நம்பித்தான் அவன் கொக்கிக்குக் கீழே நிற்கிறான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மொட்டைமாடியில் என் சாதனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா மாமு, இது கண்ணாடிய புடிக்கிறதுக்கா, இல்ல கண்ணாடிக் கடையவே புடிக்கிறதுக்கா?"

"ஸ்ட்ராங்கா இர்க்கணும்டா. ஆடிச்சுன்னா பிம்பம் ஆடும்."

"நீ செஞ்சிருக்கறதுக்கு பூமி ஆடுனாலும் இது ஆடாது. நட்சத்திரம் உள்ள வர்றதுக்கு எடம் வுட்டிருக்கியா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். அன்றைக்கே நான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

தை மாதத்தில் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடலுக்கு மேலே ஒரு பெரிய நட்சத்திரம் பளீரென்று ஏறி வரும். என் தொலைநோக்கியின் முதல் பார்வையை அதற்கென்றே வைத்திருந்தேன். குளித்து, விபூதி பூசி, குழாயைத் திருப்பி, கண்ணை வைத்தேன்.

நண்டு தெரிந்தது.

நடுவில் வெள்ளையாக ஓர் உடம்பு. அதைச் சுற்றி எட்டுக் கால்கள், தடித் தடியாக, ஜோடி ஜோடியாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நண்டு. வேட்டி நுனியால் கண்வில்லையைத் துடைத்தேன். சுத்தமான நண்டு. காசிமேட்டில் கூடையில் பார்த்தால் விலை கேட்டிருப்பேன். வானத்தில் பார்த்ததால் குழாயை விட்டுப் பின்வாங்கினேன்.

ஏன் பின்வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் அந்தக் கிரேனை ஓட்டியவர் ஒரு பெரியவர். கண்ணில் புரை விழுந்து அவரை இறக்கிவிட்டார்கள். பிறகு கிடங்கு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டிருந்தார். அவர் ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "மொதல்ல வெளக்குக்கு மீசை மொளைக்கும் நைனா. சின்னப் புள்ளி வெளக்கு கீதே, அதுக்கு சுத்தி சுத்தி மீசை. அப்பத்தான் எனுக்கு தெரிஞ்சுது, அவ்ளோதான்னு."

மீசை. கால். என் புத்திக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன. மாசி மாதத்தில் எங்களுக்கு வருடாந்திரக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் கேபினிலிருந்து இறங்கி ஷெட்டுக்குப் போக வேண்டும். அந்தக் கேபினில் ஏறுகிற இரும்பு ஏணியை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. என் கண் போனால் போவது என் வேலை. ஆனால் போன கண்ணோடு நான் ஏறி உட்கார்ந்தால் போவது அவன் தலை.

ஒழுங்கான மனிதன் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பான். நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். துறைமுகத்துக்கு வெளியே, நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களின் விளக்குகளைக் கடற்கரை ரோட்டில் நின்று பார்த்தேன். நன்றாகத் தெரிய வேண்டுமே என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு விளக்குக்கும் மேலும் கீழும் மீசை முளைத்தது. இன்னும் இடுக்கினேன். மீசை நீண்டது. என் விதியை அங்கேயே எழுதி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. கண்ணை இடுக்கினால் எவனுக்கும் இமை மயிர் குறுக்கே வந்து விளக்குக்கு மீசை வைக்கும் என்ற சின்ன விஷயம் அந்த நேரத்தில் என் தலைக்குள் நுழையவில்லை. அங்கே ஏற்கனவே கூட்டம் அதிகம்.

அப்புறம் வைத்தியம். பொன்னாங்கண்ணிக் கீரை தினசரி ஆனது. நெல்லிக்காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து நம்பிக்கை ஒன்று உண்டு: மீனின் கண்ணைத் தின்றால் கண்ணுக்கு நல்லது. ஆகவே உடம்பை விட்டுவிட்டுத் தலையை மட்டும் வாங்கினேன்.

மீன்காரம்மா கேட்டாள்: "இன்னாப்பா, ஒரு வாரமா தலையாவே வாங்கிகினு போற. வூட்ல பூனை வளக்கிறியா?"

"ஆமா."

"எத்தினி?"

"ஒண்ணு. பெரிசு."

வீட்டில் பூனை தட்டில் கண்களை வரிசையாக வைத்து முழுங்குவதை மனைவி பார்த்தாள். மூன்று வகைக் குழம்பு வைத்துப் பார்த்தும் நான் கண்ணை மட்டும் தின்றுவிட்டு எழுந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ். இன்னாயா ஆச்சு உனுக்கு?"

"ஒண்ணியும் இல்ல."

"ஒண்ணியும் இல்லாததுக்கா இப்டி பேயறைஞ்சா மாதிரி கீற? சொல்லு, இல்லாங்காட்டி நாளைலேந்து கீரையும் இல்ல, தலையும் இல்ல."

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தெருக்கோடி அம்மனுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக அங்கேயே, அடுப்பைப் பார்த்தபடியே வேண்டிக்கொண்டாள். அவள் சிரித்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். அவள் வேண்டிக்கொண்டதும் நான் பாதி குருடனாகிவிட்டேன்.

வேலையில் என் நடத்தை கெட்டது. கொக்கி ஒரு சாண் இறங்க வேண்டிய இடத்தில் அரைச் சாண் இறக்கி நிறுத்தி, மறுபடி பார்த்து, மறுபடி இறக்கினேன். சிநேகிதனிடம் கையைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டச் சொன்னேன். அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அதுவும் போதாது என்றேன். அடுத்த நாள் ஒரு சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து தலைக்கு மேல் சுழற்றினான். பக்கத்துக் கப்பலிலிருந்து ஒரு மாலுமி அதைப் பார்த்துவிட்டு, ஏதோ ஆபத்து என்று ஓடி வந்தான்.

டீக்கடையில் அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னா மாமு, நான் இன்னா கரகாட்டமா ஆடிகினு கீறேன்? விஷயத்த சொல்லு."

அவனிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொன்னேன். அவன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு என் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ இத்தினி நாளா என் தல மேல பருத்தி மூட்டைய குத்துமதிப்பாத்தான் ஆட்டிகினு கீறியா?"

"இன்னும் அவ்ளோ மோசம் ஆவலடா. ஆரம்பந்தான்."

"ஆரம்பமா? என் தல ஒண்ணே ஒண்ணுதான் மாமு. அதுக்கு ஆரம்பம், நடு, முடிவுன்னு இல்ல."

அன்று சாயங்காலமே என்னோடு மாடிக்கு வந்தான். என் கண் எந்த அழகில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவன் நோக்கம். கண்வில்லையில் கண்ணை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"மாமு."

"இன்னாடா?"

"காலு எத்தினின்னு சொன்ன?"

"எட்டு."

அவன் குழாயை விட்டு விலகி, சுவரோரமாகப் போய்க் குந்திக்கொண்டான். "எனுக்கும் எட்டு."

இரண்டு பேர், ஒரே நண்டு, ஒரே எட்டுக் கால். எந்த மடையனுக்கும் இந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். எங்களுக்கு விளங்காததற்கு ஒரு காரணம் இருந்தது, அதுவும் நல்ல காரணமாகவே இருந்தது. முந்தைய மாதம் நாங்கள் இருவரும் கந்தகம் இறக்கினோம். மஞ்சள் தூள் காற்றில் பறந்து, கண் எரிந்து, நாள் முழுக்க அழுதுகொண்டே வேலை செய்தோம். கந்தகக் கப்பல் எங்கள் இரண்டு பேர் கண்ணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அந்த மொட்டைமாடியில் தீர்ப்பானது. ஒருத்தனுக்கு வந்தால்தானே சந்தேகம், இரண்டு பேருக்கு வந்தால் நிச்சயம். மறுநாள் அவன் மாதா கோயிலில் ஒரு முழ உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினான். என் நெல்லிக்காயில் பாதி அவன் பைக்குப் போனது. கேபினில் ஒரு குருடன், மேல்தட்டில் ஒரு குருடன், நடுவில் பருத்தி மூட்டை. அந்த வாரம் நாங்கள் இறக்கிய சரக்கைப்போல் பதவிசாக இறக்கிய சரக்கு அந்தத் துறையில் கிடையாது. மேஸ்திரி பாராட்டினார்.

இந்த நிலைமையில்தான் என் மனைவி மாடியில் காய்ந்த மிளகாயை அள்ள வந்தாள். நான் குழாய்க்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். நட்சத்திரம் தன் எட்டுக் காலோடு ஏறிக்கொண்டிருந்தது.

"அத்த நானும் ஒரு தபா பாக்கிறேனே."

"வேணாம் மே."

"ஏன், நான் பாத்தா தேஞ்சு பூடுமா?"

தேய்ந்துபோகாது. ஆனால் அவள் கந்தகக் கப்பலில் வேலை செய்யவில்லை. அவள் பார்த்து, அழகாக ஒரு புள்ளி தெரிகிறது என்று சொல்லிவிட்டால், என் கதை முடிந்தது. அதற்குப் பயந்துதான் ஒரு மாதமாக அவளை நான் அந்தப் பக்கமே விடவில்லை. அவள் என்னைத் தள்ளிவிட்டு, முந்தானையில் மிளகாயோடு குனிந்தாள். குனிந்தவள் பிடிமானத்துக்காகக் கண்வில்லையையே பிடித்தாள். அது வழவழவென்று வெளியே வந்தது.

"அத்த இஸ்காதே மே. பிம்பம் கலைஞ்சிடும்."

"கலையலயே. நல்லா பெரிசா தெரியுதே."

"இன்னா தெரியுது?"

"வட்டமா, தட்டு மாதிரி. நடுவுல கறுப்பா ஒரு பொட்டு. பொட்டுலேந்து நாலு பக்கமும் கட்டை போவுது."

"கட்டையா?"

"தடி தடியா. எதிரெதிரா கூட நிக்கல, கோணயா கீது. அதுல ஒரு கட்டைல மட்டும் கொண்டை போட்டா மாதிரி ஒரு முடிச்சு."

கொண்டை போட்ட கட்டை ஒன்றுதான் எனக்குத் தெரியும். குழாயின் வாயில் எட்டிப் பார்த்தேன். நான்கு ஆங்கிள் இரும்பு, வெள்ளிப் பெயின்ட்டில் பளபளத்துக்கொண்டு. குட்டையாகப் போன அந்த ஒரு துண்டில், நான் முறுக்கிய பெரிய நட்டு.

அவளை விலக்கிவிட்டு நான் பார்த்தேன். அப்படியே இருந்தது. நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு தட்டாக விரிந்து, அதன் மேல் என் கைவேலை முழுவதும் நிழலாக விழுந்திருந்தது. கண்வில்லையை மெல்ல உள்ளே தள்ளினேன். தட்டு சுருங்கியது, கட்டைகள் சுருங்கின, நட்டு மறைந்தது, எல்லாம் ஒரு புள்ளிக்குள் போய் அடங்குகிற அந்த நொடியில் புள்ளியிலிருந்து எட்டுக் கால் முளைத்தது. வெளியே இழுத்தால் இரும்பு, உள்ளே தள்ளினால் நண்டு. ஒரு மாதமாக நான் புள்ளியை விட்டு ஒரு மயிரிழைகூட நகராமல், அவ்வளவு சரியாகப் பார்த்து வந்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை. குறுக்கே எது நின்றாலும் வெளிச்சம் அதன் ஓரத்தில் பட்டுச் சிதறும். நான் நிறுத்தியதோ உத்தரம்.

"இன்னாயா சிரிக்கிற?"

"கண்ணு போவல மே. இரும்பு."

"எந்த இரும்பு?"

சொன்னேன். அவள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மிளகாயை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் குரல் மட்டும் வந்தது: "நாளைக்கு கீரை கெடையாது."

சிநேகிதனின் வீட்டுக்கு ஓடினேன். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு நிம்மதிப் பெருமூச்செல்லாம் விடவில்லை. "அப்போ நான் ஏத்துன மெழுகுவத்தி?" என்று கேட்டான்.

"அடுத்த பேஜாருக்கு வெச்சிக்கோ."

அதன் பிறகு யோசித்தேன், இந்தத் தடவை பயமில்லாமல். பாய்மரத்தைத் தூண் கொடுத்து யாரும் நிறுத்துவதில்லை. மெல்லிய கயிறுகளை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி நிறுத்துகிறார்கள். எல்லாம் இழுப்பில் இருக்கிறது, கனத்தில் இல்லை. நாள் முழுக்க அதைக் கண்ணால் பார்க்கிறவன் நான். வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடை வாசல்களில் துணிப் பொதி பிரித்ததும் மெல்லிய இரும்புப் பட்டைகளை வெட்டிச் சாக்கடையோரம் போடுவார்கள். கையில் வைத்தால் காகிதம் மாதிரி இருக்கும், இழுத்தால் அறாது. ஒரு சுருள் எடுத்துவந்து நான்கு துண்டு வெட்டினேன். பட்டையின் அகலம் குழாயின் நீளவாக்கில் போகும்படி, அதாவது நட்சத்திரத்துக்கு அதன் விளிம்பு மட்டும் தெரியும்படி வைத்து, குழாய்க்கு வெளியே போல்ட்டுப் போட்டு, கட்டில் கயிறு மாதிரி இழுத்து முறுக்கினேன். சின்னக் கண்ணாடி நடுவில் விறைத்து நின்றது. தட்டினால் பட்டை டிங்கென்றது. வெள்ளிப் பெயின்ட்டுக்குப் பதில் விளக்குக் கரி. கழற்றிய ஆங்கிள் இரும்பு அம்மி மேடைக்கு முட்டுக் கொடுக்கப் போனது. அந்த வேலைக்கு அது மிகவும் பொருத்தம்.

அன்று மாலை நட்சத்திரம் ஏறியது. பார்த்தேன். தடித்த கால்கள் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். மங்கல், மெல்லியது, அழகும்கூட. எண்ணினேன்.

எட்டு.

பட்டை நான்கு, கால் எட்டு. என் பயம் எங்கேயும் போய்விடவில்லை, வாசலில்தான் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்தது. நான்கு இரும்புக்கு, மிச்சம் நான்கு கண்ணுக்கோ? அந்தக் கேள்வியோடுதான் மாசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். சிநேகிதன் எனக்கு முன்னால் உள்ளே போய், வெளியே வந்து, பாஸ் என்று என்னிடம் மட்டும் சொல்லாமல் வராந்தா முழுவதற்கும் சொன்னான். அவன் பாஸானது எனக்கு ஆறுதலாக இல்லை. கந்தகம் இப்போது என் ஒருவனை மட்டும் பிடித்திருந்தது.

டாக்டரம்மா ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அடுத்த வரி. படித்தேன். கடைசி வரி. அதையும் படித்தேன். வேகத்தில் நிறுத்த முடியவில்லை.

"அதுக்குக் கீழே பொடி எழுத்துல அச்சடிச்ச ஊர் போட்டிருக்காங்க மேடம். அதையும் படிக்கட்டுமா?"

"வேண்டாம். அது மார்க்குக்கு இல்லை."

இன்னொரு கண்ணும் அப்படியே. எனக்குக் கிரேனின் ஏணி கண்முன் தெரிந்தது. அப்போது அவர் ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்தார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் திருப்பினேன்.

"எழுத்து அழிஞ்சு போன அட்டை போலிருக்கே, மேடம்."

"அழியலை. படிங்க."

கையை நீட்டினேன். எழுத்து கொஞ்சம் துலங்கியது. இன்னும் நீட்டினேன். இன்னும் கொஞ்சம் துலங்கியது. நீட்டுவதற்கு மேற்கொண்டு கை இல்லை. டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். நான் ஸ்டூலைப் பற்றி, கிடங்கு வாசலைப் பற்றி, குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பழகுவதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

"கேக்குறீங்களா? தூரப் பார்வை ரொம்ப நல்லா இருக்கு. கிரேன்ல ஏறலாம். கிட்டப் படிக்கிறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கணும். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். எத்தனை நாளா இப்படி?"

எத்தனை நாளாக என்று எனக்கு எப்படித் தெரியும்? துறைமுகத்தில் எல்லாமே தூரத்தில் இருக்கிறது. கிட்டப் பார்ப்பதற்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது.

அது நினைவுக்கு வந்ததும் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா மூளைக்கும் ஒரு சீட்டு எழுதலாமா என்பது மாதிரிப் பார்த்தார்.

கண்ணாடி கைக்கு வந்த அன்று, வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்குப் போனேன். மூக்கில் மாட்டிக்கொண்டு குழாயின் வாயில் குனிந்தேன். நான் இழுத்துக் கட்டிய பட்டைகளை முதல்தடவையாக உண்மையில் பார்த்தேன். நூல் பிடித்து நேராக வைத்தேன் என்று நான் நம்பியது எதுவும் நேராக இல்லை. எதிரெதிரே ஒரே கோட்டில் நிற்க வேண்டிய பட்டைகள் இரண்டு ஜோடியுமே ஓர் அரிசி அகலத்துக்கு விலகி, கோணிக்கொண்டு நின்றன. மனைவி அன்றே சொன்னாள், கோணலாக இருக்கிறது என்று. நான் கொண்டையை மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பட்டையும் இரண்டு பக்கமும் ஒரு கால் விடும். எதிரெதிர்ப் பட்டைகள் ஒரே கோட்டில் நின்றால் கால்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து நான்காகத் தெரியும். கோணினால் தனித்தனியாகப் பிரிந்து எட்டாகிவிடும். தடிமன் என் இரும்பின் குற்றம். எட்டு என்ற கணக்கு என் கண்ணின் குற்றம். ஆக, நான் பயந்ததில் பாதி நியாயம் இருந்திருக்கிறது. இது எனக்குக் கொடுத்த திருப்தியைச் சொல்லி முடியாது. அவ்வளவு மீன் கண் வீண் போகவில்லை.

ஓட்டைகளை அரத்தால் கொஞ்சம் ராவி, பட்டைகளை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி இழுத்து முறுக்கினேன். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மனைவி தானாகவே மேலே வந்தாள். நட்சத்திரம் கடலை விட்டு நன்றாக ஏறி, நின்று எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அவளை முதலில் பார்க்கச் சொன்னேன்.

"எத்தினி?"

"நாலு. கோலம் போட்டா மாதிரி, சன்னமா." இன்னும் குனிந்தாள். "பக்கத்துல குட்டி குட்டியா வேற நாலஞ்சு கீதே. இத்த நீ சொல்லவே இல்லயே."

நான் பார்த்தேன். இருந்தன. தடித்த கால்களின் வெளிச்சத்துக்கு அடியில் இத்தனை நாளும் ஒளிந்திருந்த பொடி நட்சத்திரங்கள், ஊசிமுனையால் குத்தியது மாதிரி.

"அந்த நாலையும் எடுத்துட முடியாதா?"

"எடுத்தா கண்ணாடி கீய வுயுந்திடும் மே. எத்தயாச்சும் வெச்சு புடிச்சுதான ஆவணும்."

"அப்போ இருக்கட்டும்." அவள் கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கெயம கண்மலர் சாத்தணும், ஞாபகம் வெச்சுக்கோ. ஜோடியாத்தான் சாத்தணும்."

"ஒண்ணு எனுக்கு. இன்னொண்ணு இதுக்கு." குழாயைத் தட்டினேன். பட்டை உள்ளே டிங்கென்றது.

மறுநாள் காலையில் ஒரு பருத்திக் கப்பல். நான் ஏணியில் ஏறிக் கேபினில் உட்கார்ந்தேன். சிநேகிதன் மேல்தட்டில் வந்து நின்றான். சிவப்புத் துண்டு இல்லை. கைகளை விரிக்கவில்லை. மேலே என்னைப் பார்த்துக்கொண்டே, வலது கையைத் தொடையோடு ஒட்டி வைத்து, சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் நீட்டினான்.

கிரேன் வேலையில் அப்படி ஒரு சைகை கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் காட்டுவோமே, அந்தச் சைகை.

கொக்கியை நிறுத்தி, சீக்கிரம் போய்விட்டு வரச் சொல்லி மணியை ஒரு தடவை அடித்தேன். அவன் சிரித்ததும் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.